மார்க் ஷீட் ஏற மாட்டேங்குது தம்பி

போன வருஷம் ஜூன் மாசம், காலேஜ் விண்ணப்பம் வாங்குற எங்க வெப்சைட்டுல அட்மிஷன் சீசன் உச்சத்துல இருக்கு, சாயங்காலம் ஆறரை மணி வாக்குல ஒரு போன். தர்மபுரி பக்கம் பிரவுசிங் சென்டர் வச்சிருக்கிற ஒரு அண்ணன். எங்க சப்போர்ட் நம்பருக்கு அடிச்சு அடிச்சுப் பார்த்து யாரும் எடுக்காம, எப்படியோ என் நம்பரை வாங்கிட்டாரு. "தம்பி, இந்தப் பொண்ணு காலையிலேருந்து உக்காந்திருக்கு, மார்க் ஷீட் ஏற மாட்டேங்குது, தப்பான ஃபைல் தப்பான ஃபைல்னே வருது, நான் ஜேபெக்லதான் வச்சிருக்கேன்"னாரு. பின்னாடி அந்தப் பொண்ணு ஏதோ சொல்றது கேக்குது, குரல் உடைஞ்சு போயிருந்துச்சு.

சர்வர்ல நடந்ததெல்லாம் பதிவாகுற லாகை எடுத்துப் பார்த்தேன். ஃபைல் பேர் முடிவுல புள்ளி ஜேபிஜி, ஃபைல் என்ன வகைன்னு பிரவுசர் சொல்லி அனுப்பின கன்டென்ட்-டைப் ஹெட்டர்லயும் இமேஜ்/ஜேபெக்னு இருக்கு, ஆனா உள்ள இருக்கிற முதல் சில பைட்டைப் பார்த்தா அது ஹெச்இஐசி. நடந்தது இதுதான்: அந்தப் பொண்ணோட மாமா பையன் ஐபோன்ல போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்ல டாகுமெண்டா அனுப்பியிருக்கான், ஐபோன் 2017ல வந்த ஐஓஎஸ் 11லேருந்து போட்டோவ ஹெச்இஐசி ஃபார்மட்லதான் சேமிக்குது, அண்ணன் கம்ப்யூட்டர்ல அது திறக்கல, "ஜேபெக் மட்டும்"னு எங்க ஃபார்ம் சொன்னதால பேரை மாத்தி புள்ளி ஜேபிஜின்னு போட்டுட்டாரு. அவர் மேல எந்தத் தப்பும் இல்ல. நாங்க கேட்டது பேரை, அவர் குடுத்தது பேரை.

எங்க பக்கத்துல என்ன நடந்துச்சுன்னா, அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி வரைக்கும் எங்க கோட் எக்ஸ்டென்ஷனையும் (பேர் முடிவுல புள்ளிக்கு அப்புறம் வர்றது) அந்த ஹெட்டரையும் மட்டும்தான் பார்த்துச்சு. அப்போ இந்த மாதிரி ஃபைல் நல்லா ஏறிடும், "சமர்ப்பிக்கப்பட்டது"ன்னு பச்சைக் கலர்ல வரும், அப்புறம் ராத்திரி சின்னப் படம் தயார் பண்ற வேலை ஓடுறப்ப கிராஷ் ஆகும், மாணவருக்கு ஒண்ணும் தெரியாது, பத்து நாள் கழிச்சு காலேஜ் ஆபீஸ்லேருந்து "உங்க சான்றிதழ் திறக்கல"ன்னு போன் போகும். அதைச் சரி பண்ணத்தான் நான் உள்ளடக்கத்தைப் பார்க்கிற செக் போட்டேன். செக் சரியா வேலை செஞ்சுச்சு. ஆனா "தவறான கோப்பு"ங்கிற ரெண்டே வார்த்தையைத் தவிர அந்தப் பொண்ணுக்கு நான் வேற எதுவும் சொல்லல. எட்டு மணி நேரம் அவ அங்க உக்காந்திருந்தா. அதுலேருந்து இந்த விஷயத்தை நான் விளையாட்டா எடுத்துக்கிறதே இல்ல. கத்துக்கிட்டதை எல்லாம் ஒரே இடத்துல எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன்.

முதல்ல, ஒரு ஃபைல் அப்லோட் ஆகுறப்ப சர்வருக்கு நிஜமா என்ன வருதுன்னு பார்க்கணும். பிரவுசர் ஃபார்ம்ல ஃபைல் அனுப்புற முறை 1995 நவம்பர்ல ஆர்எஃப்சி 1867ங்கிற இணைய விதி ஆவணமா வெளிவந்துச்சு, இன்னைக்கு நடப்புல இருக்கிறது 2015ல வந்த ஆர்எஃப்சி 7578, ரெண்டுக்கும் அடிப்படை ஒண்ணுதான், மல்ட்டிபார்ட் ஃபார்ம்-டேட்டா. ஒரு நீளமான உடம்பு, நடுவுல தடுப்புக் கோடுகள், ஒவ்வொரு துண்டுக்கும் மேல ரெண்டு மூணு வரி தலைப்பு, அந்தத் தலைப்புல ஃபைல் பேர், அதோட வகை. இந்தப் பேரும் வகையும் அனுப்புறவங்க எழுதினது. பிரவுசர்கூட பெரும்பாலும் ஃபைலைத் திறந்து பார்த்து வகை எழுதுறது இல்ல, எக்ஸ்டென்ஷனைப் பார்த்துதான் எழுதுது. அதனால எக்ஸ்டென்ஷனைச் செக் பண்ணிட்டு ஹெட்டரையும் செக் பண்றேன்னு யாராவது சொன்னா, அவங்க ஒரே பேப்பரை ரெண்டு தடவை படிக்கிறாங்கன்னுதான் அர்த்தம். பிரவுசர் இல்லாமலே ரிக்வெஸ்ட் அனுப்புற கர்ல் மாதிரி ஒரு கருவி கையில இருந்தா, சர்வர்ல ஓடக்கூடிய பிஹெச்பி ஸ்கிரிப்டை அனுப்பிட்டு தலைப்புல இமேஜ்/பிஎன்ஜின்னு எழுத ஒரு நிமிஷம்கூட ஆகாது.

அதனால உள்ளடக்கத்தைப் பார்க்கணும். ஒவ்வொரு ஃபார்மட்டுக்கும் ஆரம்பத்துல ஒரு அடையாளம் இருக்கு. ஜேபெக்னா முதல் மூணு பைட் தசம எண்ல 255, 216, 255. பிஎன்ஜின்னா எட்டு பைட்: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. இந்த எட்டையும் ரொம்ப யோசிச்சு வச்சிருக்காங்க, நடுவுல வர்ற 13, 10ங்கிறது வரி முடிவு எழுத்து, பழைய எஃப்டிபி மாதிரி ஃபைல் அனுப்புற முறை ஏதாவது ஒண்ணு ஃபைலை வெறும் எழுத்துன்னு நினைச்சு வரி முடிவை மாத்திட்டா இந்த இடத்துலயே உடைஞ்சது தெரிஞ்சிடும். ஜிப்னா 80, 75, 3, 4, அதாவது பி, கே, ஜிப் ஃபார்மட்டை உருவாக்கின பில் காட்ஸோட முதலெழுத்துக்கள். ஹெச்இஐசில அடையாளம் முதல் பைட்டுல இருக்காது, முதல் நாலு பைட் ஒரு நீளம், அதுக்கப்புறம்தான் எஃப்-டி-ஒய்-பிங்கிற நாலு எழுத்து, அதையடுத்து எந்த வகைன்னு வரும்.

ஆனா இதோட வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சா மாட்டிக்குவோம். வேர்டு ஃபைல், எக்செல் ஃபைல், ஆண்ட்ராய்டு ஏபிகே, ஜாவா ஜார், எல்லாமே உள்ளுக்குள்ள ஜிப்தான், எல்லாத்துக்கும் ஒரே பிகே அடையாளம். பிடிஎஃப்ல இன்னொரு கதை. ஸ்டாண்டர்டுபடி முதல்லயே பிடிஎஃபோட அடையாளம் வரணும், ஆனா பிடிஎஃப் திறக்கிற அக்ரோபாட் ரொம்ப வருஷமா முதல் 1024 பைட்டுக்குள்ள எங்க இருந்தாலும் ஏத்துக்கிட்டு வந்திருக்கு, அதனால முன்னாடி குப்பை பைட்டோட வர்ற பிடிஎஃப்களும் உலகத்துல சுத்திட்டிருக்கு, பயன்படுத்துறவங்க கம்ப்யூட்டர்ல நல்லாவே திறக்கும். அதே தளர்வை வச்சுதான் ஒரே ஃபைல் ஒரு பக்கம் படமாவும் இன்னொரு பக்கம் பிடிஎஃபாவும் இருக்கிற மாதிரி சிலர் தயார் பண்றாங்க. அடையாள பைட் ஒரு வாசல் காவல், அவ்வளவுதான், அடுத்த கட்டம் ஃபைலை உண்மையாவே திறந்து பார்க்கிறது.

படமா இருந்தா அதை முழுசா டிகோட் பண்ணி (சுருக்கி வச்சதை பிக்சலா விரிச்சு), மறுபடி புது ஜேபெக்கா எழுதிச் சேமிக்கிறது நல்ல வழி. படத்துக்குப் பின்னாடி யாராவது ஒட்ட வச்ச ஸ்கிரிப்ட் எல்லாம் இதுல போயிடும், போன் கேமரா எழுதுற எக்சிஃப் தகவலும் போயிடும். அந்த எக்சிஃப்ல எடுத்த இடத்தோட ஜிபிஎஸ் இருக்கலாம், ஒரு பொண்ணு வீட்டு மேஜை மேல வச்சு மார்க் ஷீட்டைப் படம் எடுத்தா அவ வீட்டு அட்சரேகை தீர்க்கரேகை நம்ம சர்வர்ல வந்து உக்காந்திருக்கும், அது நமக்கு எதுக்கு? ஆனா அதே எக்சிஃப்லதான் படம் எந்தப் பக்கம் திரும்பியிருக்குங்கிற தகவலும் இருக்கு, முதல்ல அதைப் படிச்சு படத்தைத் திருப்பிட்டு அப்புறம் அழிக்கணும். நாங்க முதல் தடவை மறந்துட்டோம், சான்றிதழ் எல்லாம் படுத்துக்கிட்டே வந்துச்சு, சரிபார்க்கிற அம்மா ஒருத்தவங்க ஒரு நாள் முழுக்க கழுத்தைச் சாய்ச்சு சாய்ச்சுப் பார்த்திருக்காங்க. பைத்தானோட பில்லோங்கிற பட லைப்ரரில இதுக்குன்னே எக்சிஃப்-ட்ரான்ஸ்போஸ்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு.

பிடிஎஃபுக்கு இந்த மறு எழுத்து வழி ஒத்து வராது, இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்றேன். நம்ம ஊர்ல வர்ற நிறைய பிடிஎஃப் டிஜிட்டல் கையெழுத்து போட்டது, இ-ஆதார் மாதிரி. அதுல ஒரு பைட்டை மாத்தி எழுதினாலும் கையெழுத்து செல்லாது. பாதுகாப்புக்குன்னு நம்ம சர்வர் அதை "சுத்தம்" பண்ணி வச்சுட்டா, நாளைக்கு சரிபார்க்கிறவங்க கண்ணுக்கு அது திருத்தப்பட்ட ஆவணம். அதனால பிடிஎஃபோட மூலத்தை அப்படியே வச்சுக்கிட்டு, திரையில காட்டுறதுக்கு மட்டும் தனியா ஒரு பட நகல் எடுத்துக்கிறோம். அப்புறம் இ-ஆதார் பிடிஎஃபுக்கு பாஸ்வேர்டு உண்டு, பேரோட முதல் நாலு எழுத்தும் பிறந்த வருஷமும். ஃபைல் முழுக்க முழுக்க சரியான பிடிஎஃப், எல்லா செக்கையும் தாண்டிடும், ஆனா காலேஜ் ஆபீஸ்ல திறக்க முடியாது. இப்போ நாங்க அப்லோட் ஆகுறப்பவே பூட்டு இருக்கான்னு பார்த்து, "இந்த பிடிஎஃப் பாஸ்வேர்டு போட்டு பூட்டியிருக்கு, பூட்டை எடுத்துட்டு ஏத்துங்க"ன்னு அங்கயே சொல்லிடுறோம். இந்த ஒரு செக்குக்கு அரை நாள் வேலைதான் ஆச்சு, ஆனா நான் எழுதினதுலயே நிறைய பேருக்கு உதவினது இதுதான்னு நினைக்கிறேன்.

ஃபைலைத் திறந்து பார்க்கிறதே ஆபத்தான வேலைதான், அதையும் சொல்லணும். 2016 மே மாசம், படங்களைக் கையாளுற இமேஜ்மேஜிக்ங்கிற மென்பொருள்ல ஒரு ஓட்டை வெளியே வந்துச்சு, இமேஜ்ட்ராஜிக்னு பேர் வச்சாங்க, பாதுகாப்பு ஓட்டைகளுக்குக் குடுக்கிற பட்டியல் எண் சிவிஇ-2016-3714. இமேஜ்மேஜிக் சில ஃபார்மட்டுகளைத் தானே கையாளாம வெளி கமாண்டைக் கூப்பிடும், அந்தக் கமாண்டுக்குப் போற எழுத்தைச் சரியா வடிகட்டல, அதனால புள்ளி ஜேபிஜின்னு பேர் வச்ச ஒரு எழுத்து ஃபைலை அப்லோட் பண்ணா, இமேஜ்மேஜிக் எக்ஸ்டென்ஷனைக் கண்டுக்காம உள்ளடக்கத்தைப் பார்த்து வேற ஃபார்மட்னு முடிவு பண்ணி, உள்ள எழுதியிருக்கிற கமாண்டை சர்வர்லயே ஓட்டிடும். புரொஃபைல் போட்டோ மாத்துற இடத்துலேருந்து முழு சர்வரும் கைமாறலாம். அதுலேருந்து எடுத்துக்க வேண்டியது, நம்ம ஏத்துக்கப்போற ரெண்டு மூணு ஃபார்மட்டை மட்டும் பேர் சொல்லித் திறக்கணும், "எதுவா இருந்தாலும் நீயே கண்டுபிடிச்சுக்கோ"ன்னு லைப்ரரிகிட்ட விடக் கூடாது, அந்த வேலையும் நெட்வொர்க் இல்லாத தனிப் புரொசஸ்ல, குறைஞ்ச அனுமதியோட, நேர வரம்போட ஓடணும்.

அளவு விஷயத்துக்கு வர்றேன், எங்களை நிஜமா கவுத்தது இதுதான். நம்ம ஆப்புக்கு முன்னாடி நிக்கிற வெப் சர்வர் என்ஜின்எக்ஸ்ல ஒரு ரிக்வெஸ்ட் உடம்போட அதிகபட்ச அளவு, நாம மாத்தலைன்னா, 1 எம்பி. ஸ்கேன் பண்ண மார்க் ஷீட் பாதி அதைத் தாண்டும், தாண்டினா அளவு அதிகம்னு சொல்ற 413ங்கிற பிழை வரும், அந்த 413ஐ என்ஜின்எக்ஸே ஒரு எச்டிஎம்எல் பக்கமா அனுப்பும், நம்ம ஆப் வரைக்கும் அது வரவே வராது, பிரவுசர்ல ஓடுற நம்ம ஃப்ரண்ட்எண்ட் ஜேசன் வடிவத்துல பதிலை எதிர்பார்த்து எச்டிஎம்எல்லைப் பார்த்து குழம்பிப் போய் "ஏதோ தவறு நடந்துவிட்டது"ன்னு காட்டும். பிஹெச்பில இன்னும் மோசம், ஒரு ஃபைலுக்கு 2 எம்பி, மொத்த போஸ்டுக்கு 8 எம்பின்னு ரெண்டு தனி வரம்பு இருக்கு, மொத்த வரம்பைத் தாண்டிட்டா ஃபார்ம் டேட்டா முழுக்க காலியா வந்து நிக்கும், பேர்கூட நிரப்பலைன்னு நம்ம கோட் சொல்லும். கோ மொழில வேற மாதிரி ஒரு குழப்பம், பார்ஸ்-மல்ட்டிபார்ட்-ஃபார்முக்குக் குடுக்கிற எண்ணை நிறைய பேர் அளவு வரம்புன்னு நினைச்சுக்கிறாங்க, அது மெமரில எவ்வளவு வச்சுக்கலாம்ங்கிற கணக்கு மட்டும், மிச்சம் டிஸ்க்குல தற்காலிக ஃபைலா எழுதப்படும், வரம்பு வேணும்னா மேக்ஸ்-பைட்ஸ்-ரீடரைத் தனியாப் போடணும்.

எங்க டீம்ல 413 புகார் வந்ததும் என்ஜின்எக்ஸ் வரம்பை 100 எம்பிக்கு ஏத்திட்டு நகர்ந்துட்டோம். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல சர்வர் விழ ஆரம்பிச்சுது. எழும், ரெண்டு நிமிஷம் ஓடும், மறுபடி விழும். டேஷ்போர்டுல பார்த்தா வர்ற ஃபைல் எல்லாம் 8, 10, 12 எம்பிதான், 100 எம்பி ஃபைல் ஒண்ணுகூட இல்ல. அப்போ மெமரி எங்க போகுதுன்னு புரியாம ரொம்ப நேரம் டேட்டாபேஸைச் சந்தேகப்பட்டுட்டிருந்தோம். கடைசியில கணக்குப் போட்டுப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது, இப்போ வர்ற போன்ல 50 மெகாபிக்சல் கேமரா சாதாரணம், 8160க்கு 6120 அளவு படம், ஃபைலா இருக்கிறப்ப 10 எம்பி, டிகோட் பண்ணினா ஒரு பிக்சலுக்கு மூணு பைட் வீதம் கிட்டத்தட்ட 150 எம்பி, அதைத் திருப்புறதுக்கு இன்னொரு நகல் எடுத்தா 300 எம்பி. சர்வர்ல ரிக்வெஸ்ட்டைக் கவனிக்கிற எட்டு வொர்க்கர் ஓடுது, ஒரே நேரத்துல எட்டு படம் வந்தா 2.4 ஜிபி. சர்வர்ல மொத்தமே 2 ஜிபி. யாரும் நம்மளைத் தாக்கல, கடைசி நாள்ல புள்ளைங்க அவங்க சான்றிதழைத்தான் ஏத்திட்டிருந்தாங்க.

அன்னைக்கு ராத்திரி வொர்க்கர் எண்ணிக்கையை ரெண்டாக் குறைச்சு ஓட்டினோம், கடைசி நேரத்தை அடுத்த நாள் சாயங்காலம் வரை நீட்டச் சொல்லி கெஞ்சி வாங்கினோம். அப்புறம் மாத்தினது: படத்தோட அகல உயரத்தை முதல்ல தலைப்புலேருந்து மட்டும் படிக்கிறோம், முழுசா டிகோட் பண்ணாமலே அது தெரியும், பிஎன்ஜில 16வது பைட்டுலேருந்து எட்டு பைட்டுல அகலமும் உயரமும் இருக்கு. ஜேபெக்கா இருந்தா பில்லோவோட டிராஃப்ட் முறைல பாதியாவோ கால்வாசியாவோ சுருக்கியே டிகோட் பண்ண முடியும், ஜேபெக் ஃபார்மட்டோட அமைப்பே அதுக்கு இடம் குடுக்குது. மார்க் ஷீட்டைப் படிக்க 50 மெகாபிக்சல் தேவையே இல்ல. டிகோட் வேலையை வெப் வொர்க்கர்லேருந்து எடுத்து, வரிசையில காத்திருக்கிற க்யூல போட்டு, ரெண்டு ரெண்டா மட்டும் ஓட்டுறோம்.

வேணும்னே கெடுக்க வர்றவங்களும் இதே கணக்கைத்தான் பயன்படுத்துறாங்க. 20,000க்கு 20,000 கறுப்பு வெள்ளை பிஎன்ஜி ஒண்ணு, முழுக்க வெள்ளை, சுருக்கினப்புறம் சில பத்து கேபிதான் இருக்கும், கலர் படமா டிகோட் பண்ணினா 1.2 ஜிபி. அளவு வரம்பு 200 கேபின்னு வச்சிருந்தாலும் தாண்டி உள்ள வந்துடும். பில்லோல சுமார் 8.9 கோடி பிக்சலைத் தாண்டினா எச்சரிக்கை, அதுல ரெண்டு மடங்கைத் தாண்டினா பிழைன்னு ஒரு காப்பு இருக்கு, சில பேர் எச்சரிக்கை தொந்தரவா இருக்குன்னு அந்த எண்ணையே எடுத்துவிட்டுடறாங்க, தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க. ஜிப் ஏத்துக்கிறவங்களுக்கும் இதேதான், 42 கேபி இருக்கிற ஒரு ஜிப் அடுக்கடுக்கா விரிஞ்சா 4.5 பெட்டாபைட் ஆகும்னு ரொம்ப நாளா ஒரு ஃபைல் சுத்துது. விரிக்கிறப்ப பைட் எண்ணிக்கிட்டே போகணும், உள்ள இருக்கிற பேர்ல ரெண்டு புள்ளி, சாய்கோடு வந்து வெளி ஃபோல்டருக்கு ஏறுதான்னு பார்க்கணும், 2018ல ஜிப் ஸ்லிப்னு பேர் வச்சு இந்த ஓட்டையை எத்தனையோ லைப்ரரில கண்டுபிடிச்சாங்க. எங்களுக்கு ஜிப் தேவையே இல்லாததால நான் ஏத்துக்கவே இல்ல, அந்த முடிவு எனக்கு நிம்மதியா இருக்கு.

இப்போ ஃபைல் பேர். தமிழ்ல எழுதுற நமக்கு இதுல தனியா ஒரு வலி இருக்கு, இங்கிலீஷ்ல எழுதின வழிகாட்டி எதுலயும் நான் இதை முழுசாப் பார்த்தது இல்ல.

பைத்தான்ல வெப்சைட் எழுத ஃப்ளாஸ்க் பயன்படுத்துற எல்லாரும், அதோட வர்ற வெர்க்சோக் லைப்ரரில இருக்கிற செக்யூர்-ஃபைல்நேம்ங்கிற ஃபங்ஷனைக் கூப்பிடுவாங்க. அது ஆஸ்கி (அடிப்படை இங்கிலீஷ் எழுத்து, எண், குறி) இல்லாத எழுத்து எல்லாத்தையும் தூக்கிடும். "சாதிச்சான்றிதழ்" புள்ளி பிடிஎஃப்னு ஒரு ஃபைல் வந்தா, தமிழ் முழுக்கப் போய், முன்னாடி நிக்கிற புள்ளியும் போய், வெறும் "பிடிஎஃப்"ங்கிற மூணு இங்கிலீஷ் எழுத்து மட்டும் பேரா மிஞ்சும், எக்ஸ்டென்ஷனே இல்லாம. "மாற்றுச்சான்றிதழ்" வந்தாலும் அதே பேர்தான். ஒரே ஃபோல்டர்ல சேமிச்சா ஒருத்தர் ஃபைல் மேல இன்னொருத்தர் ஃபைல் உக்காரும். எங்க பழைய கோட் அப்படித்தான் இருந்துச்சு. ஒரு மாணவரோட மாற்றுச் சான்றிதழ் இடத்துல வேற ஒருத்தரோட வருமானச் சான்றிதழ் இருந்ததை காலேஜ் ஆபீஸ் கண்டுபிடிச்சப்ப எனக்கு கையெல்லாம் நடுங்கிடுச்சு. ஒருத்தரோட குடும்ப வருமானம் இன்னொருத்தர் திரையில.

சரி, நானே ரெகெக்ஸ் (எந்த எழுத்து வரலாம்னு சொல்ற விதி) எழுதி யூனிகோட் எழுத்தை மட்டும் விட்டுக்கிறேன்னு போனா அங்கயும் பள்ளம் இருக்கு. பைத்தானோட ஆர்இ மாட்யூல்ல எழுத்துன்னு குறிக்கிற \wங்கிற குறியீடு புள்ளியையும் கொம்பையும் காலையும் எழுத்தா எண்ணாது. "பத்திரம்"ங்கிறது "பததரம"ன்னு ஆயிடும். எழுத்து வகையோட குறி வகையையும் சேர்த்துக் குடுத்தாதான் நம்ம சொல் முழுசா இருக்கும், அதுக்கு ரெகெக்ஸ்ங்கிற வெளி மாட்யூல் வேணும், இல்லைன்னா யூனிகோட்டேட்டாவை வச்சு ஒவ்வொண்ணா பார்க்கணும்.

அப்புறம் நீளம். லினக்ஸ்ல சாதாரணமா ஒரு ஃபைல் பேர் 255 பைட் வரைக்கும்தான். யூடிஎஃப்-8ல தமிழோட ஒவ்வொரு குறிக்கும் மூணு பைட், "கி"ன்னா ககரம் மூணு, கொக்கி மூணு, மொத்தம் ஆறு. அதாவது 85 குறி வந்தாலே நிறைஞ்சிடும், நம்ம ஆளுங்க ஊர் பேர், அப்பா பேர் எல்லாம் சேர்த்து ஃபைலுக்குப் பேர் வைப்பாங்க, சுலபமா தாண்டும். தாண்டினா எக்ஸ்டென்ஷனோட வால் வெட்டுப்படும், இல்ல ஒரு எழுத்து பாதில அறுந்து கேள்விக்குறியா நிக்கும்.

இன்னொண்ணு, இதைக் கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. "கொ"ங்கிற எழுத்தை யூனிகோட்ல ரெண்டு விதமா எழுதலாம். ககரத்தோட ஒகரக் குறி ஒரே குறியா வரலாம், இல்லைன்னா ஒற்றைக்கொம்பு தனியா, கால் தனியான்னு ரெண்டு குறியா வரலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு வேற வேற. மேக்கோட பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க் முறை பேரைப் பிரிச்ச வடிவத்துலதான் எழுதி வைக்கும். "கோவிந்தன் மதிப்பெண்" மாதிரி ஒரு பேரை டேட்டாபேஸ்ல தேடினா இல்லைன்னு சொல்லும், திரையில பார்த்தா எதிர்லயே இருக்கும். பேர் உள்ள வந்த உடனே என்எஃப்சிங்கிற சேர்த்து எழுதின வடிவத்துக்கு மாத்திடணும், ஒரே ஒரு வரிதான்.

இத்தனையும் பார்த்தப்புறம் நாங்க முடிவு பண்ணினது, பயன்படுத்துறவங்க குடுத்த பேர் டிஸ்க் பக்கமே போகக் கூடாது. சேமிக்கிற பேர் யூயூஐடி (ஒண்ணு மாதிரி இன்னொண்ணு வராத நீளமான அடையாளம்), எக்ஸ்டென்ஷன் நம்ம கண்டுபிடிச்ச வகைலேருந்து நம்மளே வைக்கிறது. அவங்க வச்ச தமிழ்ப் பேர் டேட்டாபேஸ்ல ஒரு டெக்ஸ்ட் நெடுவரிசையில பத்திரமா இருக்கும், திரையில அதைத்தான் காட்டுவோம், டவுன்லோட் பண்றப்ப ஆர்எஃப்சி 6266 சொல்ற நட்சத்திரக் குறி போட்ட ஃபைல்நேம் வழியா அதே தமிழ்ப் பேரோட கைக்குப் போகும். மேல் ஃபோல்டருக்கு ஏறப் பார்க்கிற தந்திரமும் இதுலயே செத்துப் போயிடும். அவங்க ஆசையா வச்ச பேர் அப்படியே திரும்பி வர்றதைப் பார்க்கிறப்ப எனக்கு இன்னைக்கும் சந்தோஷமா இருக்கும்.

சேமிக்கிற இடத்தைப் பத்தி கொஞ்சம். வெப் சர்வர் நேரடியா ஓட்டக்கூடிய ஃபோல்டர்ல அப்லோடை வைக்கவே கூடாது, இது பழைய பாடம். திருப்பிக் காட்டுறப்ப நோஸ்னிஃப் ஹெட்டர் போடணும், இல்லைன்னா பிரவுசர் தானா வகையை யூகிக்கும். எஸ்விஜிய படம்னு நினைச்சு விடாதீங்க, அது உள்ள ஜாவாஸ்கிரிப்ட் ஓடும் எக்ஸ்எம்எல், நம்ம டொமைன்லயே திறந்தா பார்க்கிறவங்களோட லாகின் அதுக்குக் கைல கிடைக்கும். கூகுள் பயனர் கோப்புகளை கூகுள்யூசர்கன்டென்ட்ங்கிற தனி டொமைன்ல வைக்கிறதும், கிட்ஹப் கிட்ஹப்யூசர்கன்டென்ட்ல வைக்கிறதும் இந்த மாதிரி ஆபத்துக்காகத்தான். அமேசானோட ஃபைல் சேமிப்பு எஸ்3க்கு பிரவுசர்லேருந்து நேரடியா ஏத்துறதா இருந்தா, அதுக்கு இருக்கிற அனுமதி முறைகள்ல கையெழுத்திட்ட புட் இணைப்பை விட போஸ்ட் பாலிசி எனக்குப் பிடிச்சிருக்கு, இத்தனை பைட்டுலேருந்து இத்தனை பைட்டுக்குள்ளன்னு அளவு வரம்பை அதுல எழுத முடியும். ஆனா அப்படி ஏறினது சரிபார்க்கப்படாத ஃபைல், தனி பக்கெட்ல (எஸ்3ல ஃபைல் வைக்கிற பெட்டி) இருந்து, செக் முடிஞ்சப்புறம்தான் நல்ல பக்கெட்டுக்கு வரணும். வைரஸ் ஸ்கேனும் அங்கதான் ஓட்டுறோம், கிளாம்ஏவி, அது உண்மையா ஓடுதான்னு ஐகார்ங்கிற 68 எழுத்து சோதனை ஃபைலை தினமும் ஒரு தடவை ஏத்திப் பார்க்கிறோம்.

எல்லாத்தையும் விட எனக்குக் கோபம் வர்றது வரிசை எண் இணைப்புகளைப் பார்த்தா. ஃபைல் 4501னு முகவரில இருக்கு, 4502ன்னு மாத்தினா அடுத்த புள்ளையோட ஆதார் திறக்குது. உள்ள வர்றப்ப பத்து செக் போட்டுட்டு வெளியே குடுக்கிறப்ப "இது உங்களோடதா"ன்னு ஒரு கேள்வி கேக்காம விடறது ரொம்பப் பெரிய தப்பு. ஒவ்வொரு டவுன்லோடுக்கும் யாருன்னு பார்த்துட்டு, ஐந்து நிமிஷத்துல காலாவதி ஆகுற இணைப்புதான் குடுக்கணும்.

திரும்ப அந்தப் பிழைச் செய்தி விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா அந்த போன் காலுக்கு அப்புறம் நான் அதிக நேரம் செலவழிச்சது அதுலதான். இருந்த பிழைச் செய்தி எல்லாத்தையும் உக்காந்து மாத்தி எழுதினோம். "தவறான கோப்பு"ன்னு இருந்த இடத்துல இப்போ, "நீங்க ஏத்தினது 6.2 எம்பி, 5 எம்பிக்குள்ள இருக்கணும்"னு வரும். "இந்த பிடிஎஃப்ல பக்கமே இல்ல, ஸ்கேன் பாதில நின்னிருக்கலாம், மறுபடி ஸ்கேன் பண்ணுங்க"ன்னு வரும். அளவையும் வகையையும் பிரவுசர்லயே முதல்ல பார்த்துச் சொல்லிடறோம், அது பாதுகாப்புக்கு இல்ல, 5 எம்பி முழுக்க ஏறினப்புறம் வேண்டாம்னு சொல்றது டேட்டா பேக் போட்டு உக்காந்திருக்கிறவங்களுக்குச் செய்ற அநியாயம். அதே செக் சர்வர்லயும் மறுபடி நடக்கும்.

நம்ம ஊர்ல போட்டித் தேர்வு விண்ணப்பம் போட்டவங்களுக்குத் தெரியும், போட்டோ 20லேருந்து 50 கேபிக்குள்ள, கையெழுத்து 10லேருந்து 20 கேபிக்குள்ளன்னு கேப்பாங்க. அந்தச் சுருக்குற வேலைக்காகவே மக்கள் பிரவுசிங் சென்டருக்குக் காசு குடுக்கிறாங்க, இல்லைன்னா முன்ன பின்ன தெரியாத ஏதோ ஒரு வெப்சைட்ல ஆதாரை ஏத்திச் சுருக்கி எடுக்கிறாங்க. படத்தைச் சுருக்கிறது ஒரு சர்வருக்கு அரை வினாடி வேலை. அதை மக்கள் தலையில போடறதுக்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியல. அதனால ஹெச்இஐசியையும் நாங்களே ஏத்துக்கிறோம் இப்போ, லிப்ஹீஃப்ங்கிற லைப்ரரி வச்சு ஜேபெக்கா மாத்திக்கிறோம், பேர்ல ஜேபிஜின்னு இருந்தாலும் உள்ள ஹெச்இஐசியா இருந்தா பேசாம மாத்திட்டு வேலையைப் பார்க்கிறோம்.

அன்னைக்கு அந்தப் பொண்ணோட ஃபைலை நான் வாட்ஸ்அப்ல வாங்கி, மாத்தி, திருப்பி அனுப்பி, ஏழே கால் மணிக்கு ஏறுச்சு. அவ ஊருக்குப் போற கடைசி பஸ் ஏழு இருபதுக்குன்னு அண்ணன் அப்போதான் சொன்னாரு, அவரே வண்டில கொண்டு போய் விட்டிருக்காரு.

இந்த வருஷம் சீசன் ஆரம்பிச்சதும் அவருக்கு நானே போன் பண்ணேன், எப்படி ஓடுதுன்னு கேக்க. ஹெச்இஐசி எல்லாம் பிரச்சினை இல்ல தம்பின்னாரு. ஆனா கரண்ட் போச்சுன்னாலோ நெட் விட்டுப் போச்சுன்னாலோ தொண்ணூறு சதவீதம் ஏறினது மறுபடி பூஜ்யத்துலேருந்து ஆரம்பிக்குது, அதுக்கு ஏதாவது வழி இருக்கான்னு கேட்டாரு. விட்ட இடத்துலேருந்து தொடர டஸ்னு ஒரு புரோட்டோகால் இருக்கு, துண்டு துண்டா அனுப்பி எதுவரைக்கும் வந்துச்சுன்னு சர்வர்கிட்ட கேட்டுட்டுத் தொடரும். போன வாரம்தான் அதைச் சோதனை சர்வர்ல ஏத்தியிருக்கேன். அடுத்த வாரம் தர்மபுரி போய் அவர் கடையிலயே உக்காந்து, நெட்டைப் பாதில பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்கப் போறேன்.